செனோக்கோவில் ஒரு பவுச் மெஷினும் அதைச் சுற்றி நின்றவர்களும்

ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியா

நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் பறந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து, அறைக்கு வந்து சேர்ந்தாயிற்று. அம்பத்தூரில் நாங்கள் செய்த பவுச் பேக்கிங் மெஷின் ஒன்று எனக்கு முன்பே கப்பலில் வந்து, ஊரின் வடக்கில் செனோக்கோ என்ற இடத்தில் ஓர் உணவு ஆலையில் நிற்கிறது. சம்பால் என்ற மிளகாய் விழுதும் கறி விழுதும் அதில் பாக்கெட் ஆகப் போகின்றன. மெஷினை ஓடவிட்டு, அங்கே வேலை செய்கிறவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்துத் தமிழில் எழுதியவர்கள் நிறையப் பேர். மெரினா பேயும் செந்தோசாவும் இந்தக் குறிப்புகளில் வராது. நான் எழுத நினைப்பது வேறு. அந்த லைனில் வேலை செய்பவர்களின் விவரம் கிளம்பும் முன்பே வந்திருந்தது. மெஷினை ஓட்டப் போகிறவர்கள் மியன்மார்ப் பெண்கள். மெக்கானிக் சீனாவிலிருந்து வந்தவர். லைன் லீடர் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் எல்லை தாண்டி வரும் மலேசியச் சீனர். எலக்ட்ரீஷியன் இந்த ஊர் மலாய்க்காரர். தரக்கட்டுப்பாட்டில் ஒரு தமிழ் அக்கா. ஆங்கிலம் எல்லோருக்கும் ஓரளவு தெரியும், அந்த 'ஓரளவு' ஆளுக்கு ஆள் வேறு.

இந்த ஊரில் அதிகாரப்பூர்வ மொழிகளே நான்கு: மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம். தேசிய கீதம் மலாயில், ராணுவ அணிவகுப்புக் கட்டளைகள்கூட மலாயில்தான். விமான நிலையப் பலகையில் தமிழ் இருக்கிறது, ரயில் அறிவிப்பில் தமிழ் இருக்கிறது. ஆனால் வேலைத்தளத்தில் பர்மிய மொழியும் வங்காளமும் தாய் மொழியும் பேசுகிறவர்கள் ஏராளம். அவர்களோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று தினமும் கொஞ்சம் எழுதி வைக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் நம் பிள்ளைகள் யாருக்காவது உதவும்.

திங்கள்

காலையில் நியூட்டனில் மாறி வடக்கு நோக்கிப் போகும் ரயில். பீஷானை நெருங்கும்போது ரயில் தரைக்கு மேலே வந்துவிடுகிறது, பிறகு வழி நெடுக வீவக என்ற அரசு வீட்டு வாரிய அடுக்குமாடிகள்தான். அட்மிரல்டியில் இறங்கி கம்பெனி வேன்.

கை கழுவி, தலைக்கு வலை மாட்டி, பூட்ஸ் மாற்றி உள்ளே போனால் வேலை தொடங்கும் முன் நடக்கும் கூட்டம். லைன் லீடர் நல்ல மனிதர், வேகமானவர். விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலைக் கடந்து வந்து நிற்கிறவருக்கு அந்த வேகம் இல்லாமல் முடியாது. ஆங்கிலமும் மாண்டரினும் கலந்து அன்றைய வேலையை ஒரே மூச்சில் சொல்லி முடித்து, புரிந்ததா என்றார். எல்லோரும் ஓகே என்றார்கள். கூட்டம் கலைந்தது.

அந்த ஓகேயை எனக்கு அம்பத்தூரிலிருந்தே தெரியும். எங்கள் பட்டறையில் இப்போது ஒடிசா, பீகார் பையன்கள் நிறையப் பேர். புரிந்ததா என்று கேட்டால் 'ஹான் ஜி' என்பார்கள். பத்துப் பேர் நடுவில் நின்றுகொண்டு, அதிகாரம் உள்ள ஒருவரிடம் எனக்குப் புரியவில்லை என்று யார்தான் சொல்வார்கள்? அந்தக் கேள்விக்கு இருப்பது ஒரே பதில்தான். அதனால் அதை நான் கேட்பதையே விட்டுவிட்டேன். நான் ஒருமுறை செய்து காட்டுவேன், அப்புறம் அவர்களைச் செய்து காட்டச் சொல்வேன். ஃபிலிம் ரோலை மாட்டுவது, உருளைகள் வழியாக இழுத்து வருவது, குழாயைச் சுற்றி மடிப்பது, சூட்டில் அழுத்தி ஒட்டும் தாடையான சீல் ஜாவுக்குக் கீழே இழுத்து விடுவது என்று ஒவ்வொருவராகச் செய்தார்கள். கை எங்கே தயங்குகிறதோ அங்கேதான் புரியவில்லை. வாயால் கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போடும் பழக்கத்தை மட்டும் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். ஜா சூடானது, விரலைக் கண்டால் நிற்காது. அதில் ஓகேயை நம்பக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் கொடுத்த நுழைவு அட்டையில் அப்பாவின் பெயர் அச்சாகியிருந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நாம் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம், வெளியூர் வந்ததும் அந்தப் பெயரிலேயே கூப்பிடுவார்கள். மியன்மார்க்காரர்களுக்கும் இதே கதை. அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது, மூன்று நான்கு அசைகள் சேர்ந்ததுதான் முழுப் பெயர். ஆலையின் பட்டியல் அதைப் பாதியாக வெட்டி, கடைசி அசையைக் குடும்பப் பெயர் என்று வைத்திருக்கிறது. முழுப் பெயரைச் சொல்லித் தரச் சொன்னேன். பெண்களுக்கு முன்னால் 'மா', ஆண்களுக்கு 'கோ' சேர்ப்பது மரியாதை என்றும் சொன்னார்கள். நம் ஊரிலும் குடும்பப் பெயர் கிடையாது, முன்னால் ஒரு எழுத்துதான் என்று எழுதிக் காட்டினேன். சுற்றி நின்ற எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அன்றைக்கு முதல் பேச்சு இதில்தான் தொடங்கியது.

செவ்வாய்

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

காலை ஓட்டத்தில் பாக்கெட்டுகள் கசிந்தன. எல்லாம் இல்லை, அவ்வப்போது நாலைந்து. லைன் லீடர் சீல் சூடு போதாது என்றார், சூட்டைக் கூட்டினோம். கொஞ்ச நேரம் சரியாக ஓடி மறுபடி கசிந்தது. சம்பாலில் எண்ணெய் அதிகம், அது சீல் விழும் இடத்தில் படிகிறதோ என்று நிரப்பும் முனையைப் பார்த்தோம். அதுவும் இல்லை.

மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த மியன்மார்ப் பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் பின்பக்கம் போய் ஃபிலிம் ரோலைக் கையால் லேசாகத் தள்ளிவிட்டு வருவதைக் கவனித்தேன். நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்த வேலை இல்லை அது. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரிடம் போய், காட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. லைன் லீடர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், கையமர்த்தினேன். அந்தப் பெண் ரோலின் பக்கவாட்டில் நகத்தை வைத்து நடுவிலிருந்து ஓரம் வரை இழுத்தார். நகம் ஓரிடத்தில் தட்டி ஏறியது. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக உட்காராமல் பக்கவாட்டில் நழுவியிருந்தன. அந்த இடம் அவிழ்ந்து வரும்போதெல்லாம் ஃபிலிம் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. ஒதுங்கினால் பாக்கெட்டின் முதுகில் சேர வேண்டிய இரண்டு ஓரங்களும் சரியாகப் பொருந்துவதில்லை, முதுகுச் சீல் ஒல்லியாகி அங்கே கசிகிறது. நாங்கள் சூட்டைக் கூட்டிக்கொண்டிருந்தது மேலும் கீழும் விழும் சீலுக்கு. அப்புறம் அவர் என்னைக் கிடங்குப் பக்கம் கூட்டிப் போய் மீதி ரோல்களின் லேபிளைத் தொட்டுக் காட்டினார். அந்தத் தொகுதி முழுக்க அப்படித்தான். வேறு தொகுதியிலிருந்து ரோல் எடுத்து மாட்டினோம், கசிவு நின்றது.

காலை முதல் பாக்கெட்டிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரோல் ஒதுங்குவதைக் கண்டு தன் கையாலேயே திருத்திக்கொண்டும் இருந்திருக்கிறார். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுற்றி மூன்று ஆண்கள் நின்று வேகமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

மொழி தெரியாத இடத்தில் வேலை என்றதும் நாம் முதலில் கவலைப்படுவது, நாம் சொல்வது அவர்களுக்குப் புரியுமா என்று. படம் போடுகிறோம், சத்தமாகப் பேசுகிறோம், செய்து காட்டுகிறோம். அதெல்லாம் ஒருவழியாக நடந்துவிடும். அவர்களுக்குத் தெரிந்தது நம்மிடம் வந்து சேராமல் போவதுதான் பெரிய நஷ்டம், ஏனென்றால் அது நஷ்டம் என்றே யாருக்கும் தெரியாது. மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவர் காதாலும் விரலாலும் அறிவது என் மேனுவலில் எந்தப் பக்கத்திலும் இல்லை. பாஷை குறைந்தவர் என்று அவரை விட்டுவிட்டு, பாஷை வந்தவர்கள் மட்டும் பேசி முடிவெடுத்தால் அந்த அறிவு அப்படியே அவரிடமே நின்றுவிடும்.

சாயங்காலம் அறிக்கையில், கோளாறைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயரையும் எழுதி, எழுத்து சரியா என்று அவரிடமே காட்டினேன். ஓர் அசையில் ஓர் எழுத்தைத் திருத்திக் கொடுத்தார்.

புதன்

இடைவேளைக்கு ஆலை வாசலில் ஒரு காப்பிக் கடை. இங்கே காப்பி வாங்குவதற்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. 'கோப்பி' என்றால் கெட்டிப் பால் போட்டது. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். 'கோப்பி சி' என்றால் சுண்டக் காய்ச்சிய டின் பாலும் சர்க்கரையும். 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை கிடையாது, 'சியூ தாய்' என்றால் இனிப்புக் குறைவு, 'காவ்' என்றால் கெட்டியாக, 'பெங்' என்றால் ஐஸ். மலாய், சீனர்களின் ஹொக்கியன், ஹைனானிய மொழிகள் எல்லாம் இதற்குள் கலந்து கிடக்கின்றன. யார் வந்து நின்றாலும் கடைக்காரருக்குப் புரிகிறது.

இன்று எல்லோருக்கும் நான் வாங்கி வருகிறேன் என்று சொல்லி ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டேன். எலக்ட்ரீஷியனை எல்லோரும் அபாங் என்கிறார்கள், மலாயில் அண்ணன். அவருக்குத் தே ஓ கோசோங், தே என்றால் டீ. லைன் லீடர் கோப்பி ஓ காவ். மெக்கானிக் காப்பியே குடிப்பதில்லை, தன் கண்ணாடிக் குடுவையில் தேயிலை போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார், அவருக்கு வெந்நீர் கிடைத்தால் போதும். நாளைக்குக் கேட்காமலே வாங்கி வர வேண்டும்.

அந்த மெக்கானிக்கை எல்லோரும் ஷிஃபு என்கிறார்கள், தொழில் கற்றவரைக் கூப்பிடும் மரியாதைச் சொல். ஐம்பதைத் தாண்டியவர். ஆங்கிலம் மிகக் குறைவு, எனக்கு மாண்டரின் அறவே தெரியாது. மெஷின் இரைச்சலில் எந்த மொழியும் கேட்காது என்பது வேறு. அவர் சூட்டைக் கையால் காட்டினார். ஆள்காட்டி விரல் ஒன்று. அப்புறம் கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினார், அது சீனக் கணக்கில் ஆறு. அப்புறம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், நாம் பார்த்தால் இரண்டு என்போம், அவர்களுக்கு அது எட்டு. 168 டிகிரி. ஒரே கையில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை காட்டிவிடுவார்கள், இரைச்சலில் இதைவிட வசதி கிடையாது. ஆனால் தெரியாமல் படித்தால் ஆபத்து. அதனால் ஷிஃபுவையே நடுவில் நிறுத்தி, அவர் கையைப் படம் எடுத்து, பக்கத்தில் எண்ணை எழுதி பேனல் கதவில் ஒட்டினோம். இனிமேல் இந்த லைனில் எண் காட்டினால் இந்த முறைதான். மியன்மார்ப் பெண்கள் அரை மணியில் பழகிவிட்டார்கள்.

வியாழன்

மதியம் நல்ல இடி மழை. மெஷின் ஒழுங்காக ஓடியது.

போனில் மொழிபெயர்க்கும் செயலிகள் உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. சீன லேபிளை கேமராவில் காட்டிப் படிப்பதற்கு நன்றாகவே உதவுகிறது. பர்மிய மொழிக்கு அந்த அளவு நம்ப முடியவில்லை. ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம், சின்ன வாக்கியம், சுற்றி வளைக்காத சொல் என்று போட்டால் ஓரளவு சரியாக வருகிறது. பழைய போன்களில் இன்னொரு தொல்லை. அவர்களுடைய எழுத்துக்கு ஸாவ்ஜி என்று ஒரு பழைய குறிமுறை இருந்தது, 2019இல்தான் அந்த நாடு யூனிகோடுக்கு அதிகாரப்பூர்வமாக மாறியது. பழைய முறையில் எழுதியதைப் புதிய போனில் திறந்தால் எழுத்து சிதறிவிடுகிறது. பாமினி, திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறைகளை வைத்து மல்லுக்கட்டிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதையும் செயலியை மட்டும் நம்பிச் சொல்லாதீர்கள். அதற்கு அந்த மொழி தெரிந்த ஆள் வேண்டும். இங்கே கட்டுமானத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு வகுப்பைத் தமிழ், வங்காளம், பர்மியம், தாய் என்று அவரவர் மொழியிலேயே நடத்துகிறார்கள். அது சரியான வழி.

வெள்ளி

ஜும்ஆ நாள். அபாங் தொழுகைக்குப் போய் வரும் வரை மின்சார வேலை எதுவும் வேண்டாம், சோதனை ஓட்டத்தை மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நேற்றே லைன் லீடரிடம் பேசி வைத்திருந்தேன். இதற்கு எந்தப் பாஷையும் தேவையில்லை, நாட்காட்டியைப் பார்த்தால் போதும். திரும்பி வந்தவர், கேட்காமலே மெஷினின் வயரிங் முழுவதையும் ஒருமுறை பார்த்து, இரண்டு இணைப்புகளை இறுக்கிக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் தரக்கட்டுப்பாட்டு அக்காவோடு பேசக் கிடைத்தது. அறுபதைத் தாண்டியவர், இன்னும் வேலைக்கு வருகிறார். அவருடைய அப்பா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1938இல் திறந்த அந்தத் தளத்தை நம்பித் தமிழரும் மலையாளிகளும் எத்தனையோ குடும்பங்கள் இந்த வடக்குப் பக்கம் வந்து குடியேறின. தளத்துக்குள் இருந்த கோயில்தான் இப்போது ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயம், பங்குனி உத்திரத்துக்குப் பேர் போனது.

அக்கா, தரை துடைக்கும் வயதான சீன ஆன்ட்டியோடு வளவளவென்று பேசிக்கொண்டிருந்தார். காது கொடுத்துக் கேட்டால் மாண்டரினும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. மலாய்.

"அவங்க தியோச்சூ பேசுற சீனவங்க, எனக்குத் தமிழ். நாங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப இங்கிலீஷ் யாரு பேசுனா தம்பி? கடைக்குப் போனா மலாய், பக்கத்து வீட்ல மலாய். சீனவங்க, தமிழவங்க எல்லாருக்கும் அதான். இலக்கணம் எல்லாம் பாக்க மாட்டோம், வேலை ஆவணும், அவ்வளவுதான்."

பாசார் மலாய் என்று அதற்குப் பெயர், சந்தை மலாய். துறைமுகத்திலும் சந்தையிலும் கூலி வேலையிலும் ஹொக்கியனும் தமிழனும் ஜாவானியனும் சந்தித்த இடத்தில் உண்டான பேச்சு. 1966 முதல் பள்ளிகளில் இரண்டு மொழி கட்டாயம் என்றாகி, 1979இல் மாண்டரின் பேசுங்கள் என்ற இயக்கம் வந்து, 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம் பாடமொழியாகி, அந்தச் சந்தை மலாய் பெரியவர்களிடம் மட்டும் தங்கிவிட்டது. இளையவர்களுக்கு அந்த இடத்தில் இப்போது சிங்லிஷ், இந்த ஊர்க் கலப்பு ஆங்கிலம்.

அக்கா பேசியதைக் கேட்டபோது எனக்கு ஒன்று தெளிந்தது. அவர்கள் யாரும் அடுத்தவர் மொழியை முழுதாகக் கற்றுக்கொண்டு பழகவில்லை. எல்லோரும் கொஞ்சம் இறங்கி வந்து நடுவில் ஓரிடத்தில் நின்றார்கள். இன்றைக்கு ஆங்கிலம் அப்படி இருப்பதில்லை. ஆங்கிலம் நன்றாக வந்தவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார், வராதவர்தான் ஏறி வர வேண்டியிருக்கிறது. நான்கு பேரில் யாருக்கு அதிகம் பேச வருகிறதோ அவர்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதற்காக வந்து இறங்கிய மறுநாளே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் 'லா' போட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அது இவர்கள் வீட்டுப் பேச்சு. நம் ஆங்கிலத்தை மெதுவாக, தெளிவாகப் பேசினால் போதும். 'கேன்', 'கேனாட்' மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஒரு சொல்லில் கேள்வியும் முடிகிறது, பதிலும் முடிகிறது.

சனி

அரை நாள் வேலை. முடிந்ததும் எல்லோரும் கம்போங் அட்மிரல்டி உணவங்காடிக்குப் போனோம். ஒரே மேசையில் ஆறேழு பேர் உட்காரும்போதுதான் யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்பது தெரிகிறது. அபாங்குக்கு ஹலால் கடை, சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோய் வைக்கும் அடுக்குகூட இங்கே ஹலாலுக்குத் தனி. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. மியன்மார்ப் பெண்களில் இருவர் பௌத்தர்கள், அவர்களும் சாப்பிடுவதில்லை. ஷிஃபு வீட்டில் கருணைத் தெய்வம் குவான் யின் வழிபாடு, அதனால் அவரும் தொடுவதில்லை. இத்தனை நாள் நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! பொதுவாகக் கோழியும் மீனும் என்று முடிவாகி, எல்லாம் ஹலால் கடையிலிருந்தே வாங்கி மேசை நடுவில் வைத்துச் சாப்பிட்டோம்.

மியன்மார்ப் பெண் பரிமாறும்போது வலது கையால் தட்டை நீட்டி, இடது கையால் வலது முழங்கைப் பக்கம் தொட்டுக்கொள்கிறார். பெரியவர்களுக்குக் கொடுக்கும் முறை அது. ஷிஃபுவுக்குக் கொடுக்கும்போது அப்படிச் செய்ததைப் பார்த்து அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பேச்சு குறைவுதான். ஊரில் வீடு கட்டுவது, பிள்ளைகள் படிப்பு, அனுப்பும் பணத்துக்கு இன்றைய மதிப்பு. போனில் இருக்கும் படங்கள் கைமாறின. அவசரம் இல்லாத இடத்தில் குறைந்த ஆங்கிலமே தாராளமாகப் போதுமாக இருக்கிறது.

ஞாயிறு

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்களும் வங்காளதேச ஆட்களும் நிரம்பி வழிவார்கள். மியன்மார்க்காரர்களுக்கு அப்படி ஓரிடம் சிட்டி ஹால் பக்கம் இருக்கும் பெனின்சுலா பிளாசா. நேற்று அழைத்திருந்தார்கள், போனேன். உள்ளே நுழைந்தால் பலகைகள் எல்லாம் வட்ட வட்டமான பர்மிய எழுத்து, கன்னத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்கள், ஊருக்குப் பணமும் பார்சலும் அனுப்பும் கடைகள்.

நான் வளர்ந்தது வியாசர்பாடியில். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டபோது பர்மாவிலிருந்து கையில் எதுவும் இல்லாமல் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் எங்கள் பகுதியில் நிறைய. பாரிமுனை பர்மா பஜார் பக்கம் சாயங்காலம் அத்தோ வண்டிகள் நிற்கும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்.

இங்கே மேசைக்கு வந்த மொஹிங்கா மீன் குழம்பில் அதே வாழைத்தண்டு. போனில் அத்தோ வண்டியின் படத்தைத் தேடி எடுத்து, என் ஊர், சென்னை என்று காட்டினேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள், பாதி பர்மிய மொழியில். அத்தோ நூடுல்ஸின் செம்மஞ்சள் நிறத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை, அவர்கள் ஊரில் அப்படிச் சிவக்காதாம். மௌல்மேனிலிருந்து வந்த பெண், தங்கள் தெருவுக்குப் பக்கத்தில் தமிழ்க் கோயில் இருக்கிறது, காலையில் தோசை வாங்கப் போவோம் என்றார். 'தோஷே' என்று அவர் சொன்னதை நான் உடனே பிடித்துக்கொண்டேன்.

நம் பாட்டன்களும் அவர்கள் பாட்டன்களும் ஒரு காலத்தில் ஒரே தெருவில் கடை வைத்திருந்தவர்கள். அங்கே எல்லாமே நல்லபடியாக முடியவில்லை என்பதும் இரண்டு பக்கமும் தெரியும். கடனுக்காகப் பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்களிடம் போன கதையை என்னிடம் அவர்கள் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இன்னும் பழகினால் ஒருநாள் அதையும் பேசலாம். லாப்பெட் தோக் என்ற தேயிலைக் கலவையை இரண்டாவது தட்டு வாங்கினோம். கணக்கை என்னைக் கொடுக்க விடவில்லை.

திங்கள்

ஒப்படைப்பு. காலையில் லைன் லீடரிடம் ஒன்று கேட்டேன், சம்மதித்தார். மெஷின் பக்கத்துப் பலகையில் இரண்டு நிறக் காந்தங்கள். சிவப்பு என்றால் நிறுத்து. மஞ்சள் என்றால் ஏதோ வித்தியாசமாக இருக்கிறது, வந்து பார். யார் வேண்டுமானாலும் வைக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வந்து பார்க்கிறவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் வைத்து, வந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்றாலும் முகம் சுளிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன், ஒருமுறை சுளித்தால் அப்புறம் யாரும் வைக்க மாட்டார்கள்.

பதினொரு மணிக்கே மஞ்சள் விழுந்தது. ஷிஃபு போனார், அந்தப் பெண் தேதி அச்சடிக்கும் இடத்தைக் காட்டினார், அச்சு மங்கலாகத் தொடங்கியிருந்தது. ரிப்பன் தீரும் முன்பே மாற்றியாயிற்று. இரண்டு பேரும் இதற்கு ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் கொண்டு வந்த மேனுவல் ஆங்கிலத்தில் நூறு பக்கத்துக்கு மேல். அதை மூடி வைத்துவிட்டு, எடுத்த படங்களை வரிசையாக அச்சடித்துக் கொடுத்தோம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவரவர் மொழியில் அவர்களே எழுதிக்கொண்டார்கள். பர்மியத்தில் ஒன்று, சீனத்தில் ஒன்று, அபாங் மலாயில். ரோல் படத்துக்குக் கீழே மட்டும் பர்மியத்தில் நீளமாக எழுதியிருந்தது. நகத்தால் எப்படித் தடவிப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறாராம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அம்பத்தூருக்கு அனுப்பிவிட்டேன், அடுத்த மெஷினோடு போகும் மேனுவலில் அது சேர வேண்டும், அவருடைய பெயரோடு.

ஆலை இன்னொரு மெஷின் வாங்கும் யோசனையில் இருக்கிறது. வாங்கினால் அதன் பயிற்சியை அந்தப் பெண்ணே நடத்தட்டும், எங்கள் ஆள் பக்கத்தில் நின்றால் போதும் என்று ஒப்படைப்பு அறிக்கையில் எழுதினேன். லைன் லீடர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.